கோடையில் தோட்டத்துப் பூச்சிகள் கூடுவதும் குறைவதும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, இரண்டு பப்பாளி, ஒரு தென்னை, கொஞ்சம் கத்தரியும் வெண்டையும், வேலியோரம் துளசி. சில வருஷமாகப் பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். பங்குனி பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன்.

சித்திரை வந்ததும் தோட்டத்தில் ஒரு பூச்சியும் காணோம். வெயிலில் செத்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்க்கும் நேரத்தில் அவை வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. வெளிச்சூடு ஏறினால் அதன் உடம்பும் ஏறும். தை மாதத்தில் பனி விலகி வெயில் வந்த பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்குத்தான் தேனீக்கள் சுறுசுறுப்பாகும். அக்னி நட்சத்திரத்தில் அதே ஒன்பது மணிக்கு நம் ஊரில் தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் அவை வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடும்.

ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தேன். காலை 6.40-க்கு துளசி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் 23 கொசுத்தேனீ வந்து போயின. அரிசி அளவுகூட இல்லாத கருப்புத் தேனீ. பின்னங்காலில் மகரந்தம் கடுகு போல ஒட்டியிருக்கும். மதியம் 1.30-க்கு அதே முக்காலி, அதே பத்து நிமிடம். ஒன்றுகூட இல்லை. பூக்களும் வாடித் தலை தொங்கிக் கிடந்தன. மாலை 5.45-க்கு 9 வந்தன. மதியம் மட்டும் பார்த்திருந்தால் நானும் "பூச்சியே இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். அலுவலகம் விட்டு வந்து விளக்கு வைக்கிற நேரத்தில் தோட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த மயக்கம் வருவது இயல்பு.

சரி, உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ண வேண்டும். மனசு வைத்திருக்கும் கணக்கை நம்ப முடியாது. போன வருஷம் ஒரே ஒரு நாள் பார்த்த பட்டாம்பூச்சிக் கூட்டத்தை "போன வருஷம் முழுக்க இருந்தது" என்று மனசு பெருக்கிச் சொல்லும்.

பூத்திருக்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் கை விரித்தால் அடங்கும் அளவு பூப்பரப்பை மட்டும் பாருங்கள். பத்து நிமிடம், வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரம். வந்து உட்கார்ந்தவற்றை மட்டும் எண்ணுங்கள், பறந்து கடந்து போனது கணக்கில் சேராது. ஒரே தேனீ மூன்று தடவை வந்தால் மூன்றாக விழுவதைத் தவிர்க்க முடியாது. எல்லா வாரமும் அதே தவறு நடப்பதால் ஒப்பிடும்போது பெரிதாக உதைக்காது. கூடவே வெயிலா மேகமா, காற்று உண்டா, செடியில் எத்தனை பூ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பூ எண்ணிக்கையை எழுதாத கணக்கு பாதிக் கணக்குதான். என் முதல் வருஷ நோட்டு முழுக்க இந்தக் குறை இருக்கிறது. வைகாசியில் தேனீ பாதியாகக் குறைந்ததாக எழுதியிருக்கிறேன். துளசியை அந்த வாரம்தான் கவாத்து செய்தேன் என்பதை எழுதவில்லை. இப்போது அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, சித்திரை எண்ணை மார்கழி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இந்தச் சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிடுங்கள். கோடையில் குறைந்து மழைக்குப் பின் கூடுவது வருஷா வருஷம் நடக்கும் ஏற்ற இறக்கம். ஒரே வாரம், ஒரே செடி, மூன்று நாலு வருஷம் தொடர்ந்து இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

எனக்குப் பூச்சிகளின் பெயர் தெரியாதே?

தேவையில்லை. பெரிய தேனீ, சின்னத் தேனீ, குளவி, ஈ, எறும்பு, வண்டு, பட்டாம்பூச்சி, தட்டான் என்று எட்டுக் கட்டம் போட்டால் போதும். பெயர் போகப்போகத் தானாக வரும். ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: பூவுக்கு வரும் சில ஈக்கள் தேனீயைப் போலவே மஞ்சள் கருப்புப் பட்டையோடு இருக்கும். தேனீக்கு நாலு இறக்கை, ஈக்கு இரண்டுதான். தேனீயின் உணர்கொம்பு நீண்டு வளைந்திருக்கும், ஈயினுடையது முகத்தோடு ஒட்டிய குட்டை மயிர் போலத் தெரியும்.

பூவை விட்டுவிட்டுத் தேனீ எல்லாம் குழாயடியில் மொய்க்கிறதே?

தண்ணீருக்கு வருகின்றன. தேன்கூட்டில் குஞ்சு வளரும் பகுதி 34, 35 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். வெளியே 41, 42 அடிக்கும்போது, வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுபோய் அறைகளின் மேல் மெல்லப் பூசி, இறக்கையால் விசிறிக் கூட்டைக் குளிர வைக்கும். சொட்டும் குழாயும் ஈரச் சாக்கும் அவற்றுக்குக் கிணறு மாதிரி. "தண்ணீர் இல்லாத ஆறு" என்று பாலாற்றை வைத்து நம் ஊரைச் சொல்லும் பழைய பேச்சு உண்டு. அந்த மணலைத் தாண்டிப் பறந்துதான் அவையும் தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு அகலமான மண் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை தெரியும் அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். கல் இல்லாத பாத்திரத்தில் தேனீ மூழ்கிப் போகும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரைக் கீழே கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், கோடையில் இன்னும் வேகமாகவே வரும்.

கத்தரியில் பூ பூவாக உதிர்கிறது. தேனீ குறைந்ததுதான் காரணமா?

பாதிக் காரணம் வெயில். கடும் சூட்டில் மகரந்தத்தின் வீரியம் குறையும், செடியும் தாங்காமல் பூவை உதிர்த்துவிடும். எந்தத் தேனீ வந்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் மீதிப் பாதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது நம் மாவட்டத்துக் காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்கு வேலூர் முள்ளு கத்தரிக்காய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சாப்பிடுகிற நமக்கு அதன் பூவைத் தெரிந்திருக்க வேண்டும்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. நடுவில் மஞ்சளாகக் கூம்பு போல நிற்கும் மகரந்தப் பைகளின் உச்சியில் சின்னத் துளை உண்டு. உப்புக் குப்பியைக் குலுக்கினால் உப்பு கொட்டுவது போல, பையைக் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். காற்று ஓரளவு குலுக்கும், அதனால் பூச்சி இல்லாமலும் சில காய் பிடிக்கும். ஆனால் ஒழுங்காகக் குலுக்கத் தெரிந்தவை நீலப்பட்டைத் தேனீயும், மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்துக் கூடு வைக்கும் கருத்த பெரிய தச்சுத் தேனீயும்தான். பூவைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிர வைக்கும். காதை அருகே கொண்டுபோனால் 'ங்ங்ங்' என்று ஒரு விநாடிச் சத்தம், அப்புறம் அமைதி, மறுபடி சத்தம். அதன் வயிற்றில் மகரந்தம் மாவு தூவினாற்போல விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால் கத்தரி வைத்திருப்பவர்கள் தேனீப் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண் சுவரிலும் வளை தோண்டி முட்டையிடும். கொல்லை முழுக்க சிமென்ட் பூசிய வீட்டில் அதற்கு இடமில்லை. வெயில் படும் ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டு வையுங்கள். என் தோட்டத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துப் பழைய மண் திண்ணையை இடிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

நல்ல பூச்சி எல்லாம் குறையும்போது மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் மட்டும் ஏன் பெருகுகின்றன?

சாறு உறிஞ்சும் இந்தச் சின்னப் பூச்சிகள் பறந்து இரை தேட வேண்டியதில்லை. இலைக்கு அடியில் நிழல், வாய்க்கு அருகிலேயே சாறு. சூடு கூடக்கூட முட்டையிலிருந்து முதிர்பூச்சியாகும் நாள் குறையும், அதனால் ஒரு கோடைக்குள் பல தலைமுறை ஓடிவிடும். அடித்துக் கழுவ மழையும் இல்லை. செஞ்சிலந்திப் பேனும் அப்படித்தான்; வறண்ட காற்றில் வெண்டை இலையடியில் நூலாம்படை போல வலை கட்டும். செடி தண்ணீருக்குத் தவிக்கும்போது சேதம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இவற்றைத் தின்னும் பூச்சிகளும் உண்டு, ஆனால் ஒரு படி பின்னால்தான் வரும். இரை பெருகிய பிறகுதானே தின்பவை பெருக முடியும்? அந்த இடைவெளியில் பொறுமை இழந்து மருந்து அடித்தால், வந்துகொண்டிருந்த காவல்காரர்கள் முதலில் சாவார்கள். பப்பாளியில் இதைத் தமிழ்நாடே பார்த்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று வெள்ளை வெள்ளையாக அப்பியது. எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி அது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். அதன் பிறகுதான் அடங்கியது.

தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பரவிய சுருள் வெள்ளை ஈக்கும் இதே பாடம்தான். ஓலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சுச் சுருள் சுருளாக முட்டையிடும். அது கழிக்கும் இனிப்புக் கழிவு கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். அடுப்புக் கரி பூசிய மாதிரி ஓலை கருத்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். அதற்கும் என்கார்சியா என்ற குளவி எதிரி. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைக் கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி ஓலையடியைக் கழுவுங்கள். கடும் மருந்துக்குப் போகாதீர்கள்.

எறும்பையும் எண்ணுங்கள். பப்பாளித் தண்டில் எறும்புச் சாரி திடீரெனக் கூடினால் மேலே மாவுப்பூச்சி குடியேறியிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இனிப்புக் கழிவைக் குடிக்க வரும் எறும்பு, பதிலுக்கு அந்தக் குளவிகளை விரட்டிக் காவல் நிற்கும்.

தையில் அவரைப் பந்தல் நிறைய அசுவினியும் பொறிவண்டும் இருந்தன. இப்போது இரண்டுமே இல்லை.

அசுவினிக்குக் குளிர்ச்சியும் பனியும்தான் காலம். வெயில் ஏறினால் குறையும், அதைத் தின்ன வந்த பொறிவண்டும் இரை தேடிப் போய்விடும். கவலைப்பட ஒன்றுமில்லை.

ராத்திரி விளக்கில் விழும் பூச்சி ரொம்பக் குறைந்துவிட்டது. அது உண்மையான குறைவுதானே?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: விளக்கை மாற்றினீர்களா? பழைய குழல் விளக்கிலும் பாதரச விளக்கிலும் புற ஊதாக் கதிர் கொஞ்சம் வரும். பூச்சிக் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது வீட்டிலும் தெருவிலும் இருக்கும் எல்.இ.டி. விளக்கில் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால் பூச்சி அதே அளவு இருந்தாலும் விளக்குக்கு வருவது குறையும். அதோடு பத்து வருஷம் முன்பு இருட்டாக இருந்த தெருவில் இன்று பத்து விளக்கு எரிந்தால், வருகிற பூச்சி பத்தாகப் பிரிந்து போகும். விளக்கு மாறாத இடத்தில், அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில், வெள்ளை வேட்டியைத் திரை போலக் கட்டி அதன்மேல் வெளிச்சம் அடித்து எண்ணினால் அந்தக் கணக்கை நம்பலாம். நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வருவது குறைவு.

பட்டாம்பூச்சி கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் போகிறதே, என்ன அது?

வலசை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஏப்ரல் முதல் ஜூன் வரை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் சமவெளியையும் நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் திரும்பும். ஜவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சிதான், அதனால் அமிர்திப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் படலாம். அப்படி ஒரு நாள் நூறு பட்டாம்பூச்சி கடந்து போனதை வைத்து "இந்த வருஷம் பட்டாம்பூச்சி அதிகம்" என்று எழுதிவிடாதீர்கள். தனிப் பக்கத்தில் தேதி, நேரம், திசை, ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று குறியுங்கள்.

இந்த வரியன்களின் ஆண்கள் கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த பகுதியில் மொய்த்துச் சாறு உறிஞ்சும், இணை சேர்வதற்கான மணப்பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. வேலியில் கிலுகிலுப்பை முளைத்தால் பிடுங்காமல் விடுங்கள்.

உள்ளூர்க்காரப் பட்டாம்பூச்சியை எண்ண வேண்டுமானால் கறிவேப்பிலையில் புழுவைத் தேடுங்கள். கறிவேப்பிலை அழகியின் இளம்புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பலரும் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், நெடி அடிக்கும். கோடையில் தண்ணீர் ஊற்றித் துளிர் விட்ட செடியில்தான் இவை இருக்கும். காய்ந்து நின்ற செடியில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லக் கூடாது.

ஒரு கோடை மழை பெய்ததும் எங்கிருந்து இத்தனை பூச்சி வருகிறது?

மண்ணுக்குள்ளிருந்து. கறையான் புற்றில் காத்திருந்த ஈசல் அன்று சாயங்காலமே கிளம்பும். எங்கள் பாட்டி விளக்குக்குக் கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து ஈசல் பிடித்து, வறுத்து, அரிசியோடு தருவார்கள். மழை தவறிய வருஷத்தில் "இன்னாடா, ஈசலே கிளம்பல?" என்று கேட்டதும் அவர்கள்தான். அவர்களும் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் காலை சிவப்பு வெல்வெட் துண்டு நகர்வது போல ஒன்று மண்ணில் ஊரும். எட்டுக் கால், அதனால் அது பூச்சியில் சேராது, சிலந்திக்குச் சொந்தம்.

நிலக்கடலை போடும் நம் மானாவாரிப் பூமியில் சிவப்புக் கம்பளிப்புழுவின் கதையும் இதுதான். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தூங்கி, மழை ஈரம் இறங்கியதும் அந்துப்பூச்சியாக வெளியே வரும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னதன் அர்த்தத்தில் இதுவும் ஒன்று. கோடை உழவில் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காயும், மைனாவும் கரிச்சானும் பொறுக்கித் தின்னும்.

மழையே வராத வறட்சியில் பெருகுகிறவையும் உண்டு. தாழ்வாரத்துக்கு அடியில் நனையாத பொடி மண்ணில் குழியானைக் குழிகளை எண்ணிப் பாருங்கள். என் பையன் செய்யும் கணக்கு இது ஒன்றுதான், ஒரு வாரமும் விடாமல் செய்கிறான்.

மருந்து அடிக்கவே கூடாதா?

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் போதும்: லிட்டருக்கு 50 கிராம் பொடியை ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடியுங்கள். மாலை பொழுது சாய்ந்து, தேனீ அடங்கிய பிறகு, பூவில் படாமல் இலையடியில் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவும் மருந்தை வீட்டுத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். வேரில் ஊற்றினாலும் அது மகரந்தத்துக்கும் தேனுக்கும் ஏறும். தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதைத் திறந்தவெளிப் பயிரில் பயன்படுத்தத் தடை செய்தது.

தெருவில் கொசுப் புகை அடித்துப் போன மறுநாள் என் துளசியில் எண்ணிக்கை மூன்றாக விழுந்திருந்தது. டெங்குக் காலத்தில் அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் அந்த நாளைக் குறித்து வைத்தால்தான் காரணம் புரியும்.

உலகம் முழுக்கப் பூச்சி குறைகிறது என்கிறார்களே, இங்கேயும் அப்படித்தானா?

ஜெர்மனியில் கிரெஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், 27 வருஷம், ஒரே மாதிரி வலைக் கூடாரம் கட்டிப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டார்கள். எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017-இல் அது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த எண்ணை அப்படியே வேலூருக்குப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. அங்கே நிலம் வேறு, பருவம் வேறு. அவர்கள் வேலை செய்த முறையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்: முறையை மாற்றாமல் வருஷக்கணக்கில் செய்தார்கள்.

என் சிறுவயதில் மழைக்காலத்தில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டு வைத்திருப்போம். இப்போது என் பையனுக்குக் காட்ட ஒன்றுகூட அகப்படவில்லை. அந்த வேலியில் இருந்த கொடுக்காப்புளி மரங்கள் வீட்டு மனையாகிவிட்டன என்பது எனக்குத் தெரியும், அதனால் பொன்வண்டு குறைந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று யாரும் எண்ணி வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

மழை பெய்த அன்று எண்ணலாமா?

வேண்டாம். மறுநாள் காலை இலை காய்ந்த பிறகு எண்ணுங்கள். "நேற்று மழை" என்று தேதிக்குப் பக்கத்தில் எழுத மறக்காதீர்கள்.